நனையப் பிறந்த பறவை

காட்டுப் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. பறவைகளிடம் படும் பாட்டைவிட, அவற்றைக் காப்பாற்றிக் கொண்டுவருகிறவர்களிடம்தான் அதிகம் பாடுபடுவீர்கள். நான் மலாக்காவில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். பூனைக்கும் நாய்க்கும் ஊசி போட்டுப் பிழைத்தேன். பறவைகளைப் பார்த்ததெல்லாம் என் பிடிவாதத்தால். என்னைக் கடித்த பறவைகளில் மிக மோசமானது நீர்க்காகம். ஆனாலும் எனக்கு அதைத்தான் மிகவும் பிடிக்கும். என்னைப் போலவே அதற்கும் முகதாட்சண்யம் கிடையாது.

முன்பெல்லாம் நம் பக்கத்தில் நீர்க்காகத்தைப் பார்ப்பதே அபூர்வம். இப்போது ஆற்றோரம், குளத்தங்கரை என்று சாதாரணமாகக் கண்ணில் படுகிறது. ஆனால் நம் மக்களுக்கு அதன் பழக்கவழக்கம் இன்னும் பிடிபடவில்லை. ஒருநாள் டவுனில் ஆற்றை ஒட்டிய கடைவீட்டில் இருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"டாக்டர், இங்க ஒரு கருப்புப் பறவை, ரெண்டு றெக்கையும் ஒடஞ்சிபோய் அப்படியே தொங்கவிட்டுக்கிட்டு நிக்குது. பாவம் லா. சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தேன். ஆற்றுக் கைப்பிடிக் கம்பியில் ஒரு நீர்க்காகம் இறக்கைகளை அகல விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. வெயிலில் பறவை வாடுமே என்று பெரிய குடையொன்றை மூங்கிலில் கட்டி, மாடி ஜன்னல் வழியாக அதன் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்திருந்தார். பறவை வெயிலைத் தேடிக் கம்பியில் நகர, இவரும் ஜன்னலில் நகர்ந்து நகர்ந்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார். "குடையை மடக்குங்க ஐயா, அது துணி காயப் போட்டிருக்கு" என்றேன். கொஞ்ச நேரத்தில் அது இறக்கையை மடக்கிக்கொண்டு பறந்துபோனது. அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் என்மேல்தான் கொஞ்சம் கோபம். ஒடிந்த இறக்கையை நான் ஏதோ மந்திரம் போட்டு ஒட்டவைத்துத் தன்னை முட்டாளாக்கிவிட்டதாக நினைத்திருப்பார் போலும்.

விஷயம் இதுதான். வாத்துக்கு மேல் இறகு நனையாது. மழைக்கோட்டு போட்ட மாதிரி மிதக்கும். நீர்க்காகத்துக்கு மேல் இறகு நனையும். நனைந்து கனத்தால்தான் அதனால் ஆழம் போய் மீனைத் துரத்த முடியும். உடம்பை ஒட்டியிருக்கும் உள் இறகு மட்டும் உலர்ந்தே இருக்கும். வேட்டை முடிந்ததும் மேலே வந்து காயவைத்துக்கொள்ளும். வெயில் இல்லாவிட்டால் பாடு திண்டாட்டம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

செலண்டார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அதற்கும் பக்கத்துத் தாமான் குடியிருப்புக்கும் நடுவே ஒரு பழைய குளம். விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தின் முடிவில், ஞாயிற்றுக்கிழமை காலையில், என் போனுக்கு ஒரே காணொளி பல பேரிடமிருந்து வந்தது. கருப்புப் பறவைகள் குளத்தில் பாதி மூழ்கியபடி தத்தளிக்கின்றன. நான்கைந்து ஆண்கள் படகில் போய் மீன் வலையால் அள்ளுகிறார்கள். கீழே, 'ஆலை எண்ணெயில் பறவைகள் சாகின்றன, பகிருங்கள்' என்று எழுதியிருந்தது. நானும் பதறித்தான் போனேன். துண்டுகளையும் பெட்டிகளையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தாமானின் பொது மண்டபமான பாலாய் ராயா வாசலில் கார்கள் நிறைந்திருந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் நிறுத்தியிருந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி வேகமாக என்னிடம் வந்தார். ஆலைச் சீருடை.

"டாக்டர், என் பேரு சேகர். ஆலையில கழிவுக் குளத்துக்கெல்லாம் நான்தான் சூப்பர்வைசர். இந்தத் தாமான்லதான் வீடு. உள்ள வராதன்னு சொல்லிட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். பாக்கியம் அக்கா வாசல்லயே மறிச்சிட்டாங்க. அவங்க பக்கத்து வீடு எனக்கு." ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மேனேஜர் வீடியோவப் பாத்துட்டாரு. எண்ணெய்னு உறுதியானா இனிமே வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாரு. நீங்க பாத்துட்டு உண்மையச் சொல்லுங்க, அது போதும்."

"பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கே எண்ணெயாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

உள்ளே நுழைந்தால் கல்யாண வீட்டுக் கூட்டம். ஒரு மேசையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களும் தேத்தண்ணியும். தரையில் வரிசையாகத் துணி துவைக்கும் பேசின்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் முழங்கால் போட்டு இரண்டு பேர். நீர்க்காகங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவி முடித்தவை மூலையில் கூடைகளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. பலவற்றின் கண்கள் செக்கச் செவேலென்று சிவந்து, மூடி மூடித் திறந்தன. சில பேசின்களில் தண்ணீர் பழுப்பு நிறத்தில் இருந்தது. அந்தத் தண்ணீரை மினரல் வாட்டர் போத்தல்களில் பிடித்து, மூடி, அதிகாரிகளுக்கு அனுப்பத் தயாராக மேசைமேல் அடுக்கியிருந்தார்கள்.

"பாருங்க டாக்டர், பாருங்க!" போனில் நேரலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். பெயர் தினேஷ், தாமான் சங்கத்தின் செயலாளர். "எவ்வளவு எண்ணெய் வருது பாருங்க! கண்ணெல்லாம் விஷம் ஏறி சிவந்துபோச்சி!"

"எதுல கழுவுனீங்க?"

"பாத்திரம் கழுவுற சோப்பு, டாக்டர். அதான் ஸ்டாண்டர்ட் மெத்தட். யூடியூப்ல பாத்தோம்."

சரி என்று விட்டுவிட்டேன். இங்கேதான் உங்களுக்கு முதல் பாடம். கேள்வி கேட்டால், முந்திக்கொண்டு பதில் சொல்கிறவரிடம் நிறுத்திக்கொள்ளாதீர்கள். யாருடைய கை ஈரமாக இருக்கிறதோ அவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

எண்ணெயோ இல்லையோ, பறவைகள் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தன. அதுதான் அவசரம். "கழுவுறத நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே அடங்கியது. எல்லார் வீட்டிலிருந்தும் உலர்ந்த துண்டு, போத்தலில் சுடுதண்ணீர், ஹேர் டிரையர் கொண்டுவரச் சொன்னேன். நம் ஆட்களை ஏதாவது செய்யச் சொல்லிவிட்டால் போதும், அதன்பிறகு அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு சலூன் நடத்துமளவுக்கு ஹேர் டிரையர்கள் சேர்ந்துவிட்டன.

அப்போது தினேஷ் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "டாக்டர், மக்கள் காத்துக்கிட்டிருக்காங்க. எண்ணெய்தானே?"

"தெரியாது" என்றேன்.

"தெரியாதா?"

"இன்னும் தெரியாது."

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆலைக்காரர்கள் எனக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள் என்று பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. முதுகு சுட்டது, சண்டைக்குப் போகத் தோன்றியது, போகவில்லை. தெரியாது என்று சொல்ல நமக்குக் கூச்சம். படித்துப் பட்டம் வாங்கிவிட்டு அதைச் சொல்லலாமா என்று தோன்றும். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது, உடனே தேட வேண்டும்.

"கழுவாத பறவை ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. எல்லார் கையையும் கிழித்துவிட்டதால் மீ நூடுல்ஸ் வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டு ஓரமாக வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. கடிக்காமல் இருக்க, நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் பேண்டை அதன் அலகில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். மற்றப் பறவைகளுக்கு அலகின் மேல் மூக்குத்துளை இருக்கும். நீர்க்காகத்துக்கு அது அடைபட்டுப் போயிருக்கும். வாயால்தான் மூச்சு விடும். அது கழுத்தை நீட்டி நீட்டித் தவித்துக்கொண்டிருந்தது. ரப்பரை அறுத்தேன். ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்த நொடியே என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கடிக்கத் தெம்பிருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

அதன் கண்ணைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. முதுகு இறகை விரலால் பிரித்துப் பார்த்தேன். மேலே சொதசொதவென்று ஈரம், அடியில் உலர்ந்த மெல்லிறகு. எண்ணெய் பட்டிருந்தால் அது அடிவரை இறங்கி எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும்.

இதை லத்தீன் பெயரெல்லாம் போட்டு விளக்கினால் யார் கேட்பார்கள்? ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து அதன் முதுகில் அழுத்தினேன். இன்னொரு துண்டில் சமையலறையிலிருந்து கொஞ்சம் எண்ணெய் தொட்டுவைத்தேன். இரண்டையும் காற்றாடிக்கு நேரே பிடித்தேன். வடை மடித்த காகிதத்தைப் பார்க்காதவர் யார் அந்தக் கூட்டத்தில்? எண்ணெய்த் தாள் கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. பறவைத் தாள் காய்ந்து வெள்ளையாகிவிட்டது.

கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் தினேஷ் கெட்டிக்காரர். "இது ஒண்ணுதானே டாக்டர்? மத்ததுல இருந்ததத்தான் கழுவிட்டோமே. அப்ப இந்தப் பழுப்புத் தண்ணி எங்கேருந்து வந்துச்சி? கண்ணு ஏன் சிவந்துச்சி?"

நியாயமான கேள்வி. பேசின்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். முன்வரிசையில் வெறும் சோப்பு நுரை, தண்ணீர் வெளுப்பு. சமையலறைப் பக்கம் இருந்த பேசின்களில் மட்டும்தான் பழுப்பு. குனிந்து மோந்து பார்த்தேன். ஆலைக் கழிவின் புளித்த நாற்றம் இல்லை. வேறொரு வாசம், எனக்கு ரொம்பப் பழகிய வாசம். திடீரென்று தீபாவளி விடியற்காலையில், என் அம்மா என் தலையைப் பிடித்து அமுக்க, கண் எரிகிறது கண் எரிகிறது என்று நான் போட்ட கூச்சல் ஞாபகம் வந்தது.

சமையலறைக்குள் பாக்கியம் அக்கா தனியாக நின்று கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த மண்டபத்தையே தூக்கிச் சுமந்தவர் அவர்தான். எல்லாருக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்ததும் அவர்தான்.

"அக்கா, சோப்புக்கு அப்புறம் நீங்க என்ன போட்டீங்க?"

"ஏன் டாக்டர்?"

"சும்மா சொல்லுங்க."

"சோப்புல சரியா போகலன்னு சொன்னாங்க. எண்ணெய்ன்னா சீயக்காதானே? வீட்டுல இருந்துச்சி, கரைச்சி ரெண்டாந்தடவ நல்லா தேய்ச்சி விட்டேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார். கை தானாக வாயைப் பொத்தியது. "ஐயையோ. அந்தக் கலரு…"

"கண்ணும்தான் அக்கா."

அவர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் வேறெந்த ஊரில் எண்ணெய் பட்ட பறவை என்றதும் சீயக்காய்த் தூளை எடுக்கப் பாய்வார்கள்? எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அவரைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நேரலைல எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க டாக்டர். என் தங்கச்சி புக்கிட் ரம்பாய்ல இருந்து போன் பண்ணிச்சி, அக்கா நீ டிவில வர்ற மாதிரி இருக்கன்னு. இப்பப் போய் நான்…"

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெளியே போய், உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் அறிவித்திருக்கலாம். கைதட்டுகூடக் கிடைத்திருக்கும். ஆனால் நல்ல மனதோடு தப்புச் செய்தவரைக் கூட்டத்தில் நிறுத்திவைத்தால், அடுத்த தடவை அடிபட்ட பறவையைக் கண்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவார். நமக்குப் பறவைகளைக் கொண்டுவருவது இவர்கள்தான்.

"பழுப்புத் தண்ணி எண்ணெய் இல்லன்னு நான் சொல்லியே ஆகணும் அக்கா. யாரு போட்டாங்கன்னு என் வாயிலேருந்து வராது" என்றேன்.

வெளியே வந்தேன். தினேஷ் மறுபடி போனைத் தூக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பாக்கியம் அக்காவின் குரல் கேட்டது.

"அந்தப் போன இங்க காட்டு."

நடு மண்டபத்துக்கு வந்து நின்றார். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்குங்க. அந்தப் போத்தல்ல இருக்கிறது எண்ணெய் இல்ல. என் வீட்டு சீயக்கா. நான்தான் தேய்ச்சேன். பறவைக்குக் கண்ணு செவந்ததும் என்னாலதான்."

எங்கிருந்தோ ஒரு கிழவர், "எண்ணெ வெக்காமயே சீயக்காயா?" என்றார். மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தார்கள். பாக்கியம் அக்காவும் சிரித்தார், கண்ணில் நீரோடு. தினேஷ் ஒரு போத்தலைத் திறந்து மோந்து பார்த்து, அசடு வழிய மூடிவைத்தார்.

மழை விட்டு வெளியே வெயில் எட்டிப்பார்த்தது. கழுவாத பறவையைத் தூக்கிக்கொண்டு போய், மண்டபத்து வேலிக் கம்பியில் வைத்தேன். கூட்டம் முழுக்கப் பின்னாலேயே வந்தது. அது எங்களை முறைத்தது. பிறகு மெதுவாக இறக்கைகளை விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கிட்டப்போய்ப் படம் எடுக்கலாம் என்று தினேஷ் ஓர் அடி முன்னே வைத்தார். அது கழுத்தைச் சுருக்கி, காலையில் விழுங்கிய மீனை அப்படியே அவர் சட்டையில் கக்கிவிட்டு, பாரம் குறைந்த தெம்பில் குளத்தைப் பார்த்துப் பறந்துபோனது. பயந்தால் அப்படிச் செய்வது அதன் வழக்கம். எண்ணெயில் தோய்ந்த பறவையால் அப்படிப் பறந்திருக்க முடியாது. ஒரு வார மழையில் நனைந்து ஊறி, படகு துரத்தத் துரத்த முங்கி முங்கிக் களைத்துப்போனவை அவை. வலை வராமல் இருந்திருந்தால் கரையேறிக் காய்ந்திருக்கும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சேகர் போனை நீட்டியபடி வந்தார். "மேனேஜர் லைன்ல இருக்காரு டாக்டர். குளம் சுத்தமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"நான் குளத்தப் பாக்கல சேகர். பறவையத்தான் பாத்தேன்."

"டாக்டர், ப்ளீஸ் லா. என் வேலை."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது எனக்குச் சுலபமாக இல்லை. அவர் நல்லவர் என்று என் மனது சொன்னது. ஆனால் மனது சொல்வதை மருத்துவர் வாக்குமூலமாகச் சொல்லக் கூடாது. போனை வாங்கி, பறவைகளில் எண்ணெய் இல்லை, தண்ணீரை நான் சோதிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் மேனேஜர் விடவில்லை. அப்படியானால் அந்தப் பழுப்பு நீர் என்ன, அதைத்தானே ஊரே பார்த்தது என்று மலாயில் கேட்டார். சேகர் தலையைக் குனிந்துகொண்டார்.

பாக்கியம் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். ஸ்பீக்கரைப் போட்டார். தன் சந்தைக்கடை பாசார் மலாயில், அது தன் வீட்டுத் தலைக் குளியல் தூள் என்றும், வேண்டுமானால் ஒரு பொட்டலம் ஆபீசுக்கே கொண்டுவந்து கரைத்துக் காட்டுவதாகவும், தானே அதைச் செய்ததாகவும் ஒரே மூச்சில் சொன்னார். மறுமுனையில் சிரிப்பை அடக்குகிற ஒரு செருமல். தண்ணீரை வழக்கம்போலச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, "சேகர், ஏசோக் மாசோக் கெர்ஜா" என்றார். நாளைக்கு வேலைக்கு வந்துவிடு என்பதை அத்தனை பேரும் கேட்டார்கள்.

கூட்டம் சேகருக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தது. சீயக்காயால் கண்ணெரிந்த பறவைகளை நான் பெட்டிகளில் எடுத்துக்கொண்டிருந்தேன். அவை என் வீட்டில் சில நாள் தங்கி, என்னை ஆளுக்கு ஒரு தடவை கடித்துவிட்டு நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தன.

பாக்கியம் அக்கா போனை சேகரின் கையில் வைத்தார். காலையில் அவரை மறித்த அதே வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள். அக்கா உள்ளே மேசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பசியாறுனியாப்பா?"

"இன்னும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு சேகர் உள்ளே வந்தார்.